உப்போடைச் சிறையில் மழை பெய்யும் விதம்

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது, மெய் சொன்ன ஊருக்கு மழை என்னமோ செய்யும் என்று தளவாயின் பெரியப்பா சொல்லுவார். ஆப்பிரிக்கக் கரையில், டார் எஸ் சலாமில் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டிவைத்து அவர் பேசுகிற பேச்சில் அது வரும். மழை என்ன செய்யும் என்பது மட்டும் தளவாய்க்கு நினைவில்லை, அந்த இடத்துக்கு அவர் வந்து சேருவதற்குள் சர்க்கரைப் பொங்கலின் வாசனை வந்து சேர்ந்துவிடும். அந்தப் பாதிச் சொலவடையோடு இரண்டு மொழியில் படித்து, துறைமுகத்தில் பாதி வயதைக் கழித்து, தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ஊர் திரும்பியவன், திரும்பிய மறு கோடையிலேயே உப்போடைச் சிறைக்குள் போனான்.

போன கதை சின்னது. ஊரணிக் கரையில் நின்ற மருத மரங்களைச் சாய்க்க வந்த பொக்லைனுக்கு முன்னால் தளவாய் தன் ஸ்கூட்டரை நிறுத்தினான். அரசாங்க வேலையைத் தடுத்ததாக வழக்கு வந்தது. நீதிபதி இளகிய மனசுக்காரர். வண்டியை வேண்டுமென்று நிறுத்தினாயா, அல்லது அது தானாக நின்றுபோனதா என்று, கூச்சப்படுகிறவன் இலையில் இன்னொரு வடை வைக்கிறவர் மாதிரி, ‘தானாக’ என்பதைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டார். தளவாயின் வக்கீல் அவனுடைய மைத்துனன்தான். அவன் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினான். தளவாய், வேண்டுமென்றுதான் நிறுத்தினேன், சாவியைத் தூக்கி ஊரணிக்குள் எறிந்ததும் நான்தான் என்றான். சாவியைப் பற்றி அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. ஆறு மாதம் என்று தீர்ப்பாயிற்று.

நீதிமன்ற வாசலில் அவன் மனைவி செண்பகவல்லி அழவில்லை. “வேணும்னுதான் நிறுத்தினேன்னு சொன்னதுகூடப் போகட்டும்,” என்றாள். “சாவிய எவன் கேட்டான்?”

சித்திரை வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. உடைமரமும் உப்புப் பூத்த தரையும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தச் சீமையில் மழை பெய்து மாசக்கணக்காயிற்று என்று வண்டியில் கூட வந்த போலீஸ்காரர் சொல்லிக்கொண்டே வந்தார், சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் சிறையின் மதில் தெரிந்தது, மதிலுக்கு மேலே, முட்டையில் உட்கார்ந்த கோழி மாதிரி, மதிலின் நாலு மூலைக்குள் அடங்கி, ஒரேயொரு கருமேகம் உட்கார்ந்திருந்தது. வாசலில் வேலை மாறிப் போகிற வார்டர்கள் வெளியே கால் வைத்ததும் குடையை மடக்கினார்கள், உள்ளே போகிறவர்கள் வாசற்படியிலேயே குடையை விரித்தார்கள். பையைச் சோதித்த தலைமை வார்டர் சொர்ணபாண்டி, பீடி இருக்கிறதா என்று கேட்டார், பிளேடு இருக்கிறதா என்று கேட்டார், பிறகு அதே குரலில் துண்டு இருக்கிறதா என்று கேட்டார். இன்றைக்கு இரண்டாம் பிளாக் முறை, போய்ச் சேருவதற்குள் நனைந்துவிடுவீர்கள் என்றார்.

உள்ளே வாழை தார் தள்ளியிருந்தது. கத்தரி காய்த்திருந்தது. கிணற்றுமேட்டில் தவளை கத்தியது. இதெல்லாம் எப்படி என்று தளவாய் கேட்டதற்கு, எல்லாம் ஆபத்துக்காத்தான் பாட்டையா புண்ணியம், அவர் பொய் சொன்னால் மழை பெய்யும் என்று, அரிசி எந்தக் கடையில் வாங்குகிறோம் என்று சொல்வதைப் போலச் சொன்னார்கள்.

ஆபத்துக்காத்தான் என்ற பெயரைத் தளவாய் பத்து வயதிலேயே கேட்டிருந்தான். அந்தக் கரையோர ஜில்லாக்களில் கேட்காத பிள்ளை கிடையாது. கலங்கரை விளக்கத்தை இரண்டு பேருக்கு விற்றவர், ஒருவருக்கு விளக்கையும் இன்னொருவருக்கு அதன் வெளிச்சத்தையும். கடலில் ரெண்டு ஏக்கர் அளந்து, நாலு மூலைக்கும் மிதவை கட்டி, வடக்கெல்லை அலை, தெற்கெல்லை அலை என்று சொல்லி ஓர் உப்பு வியாபாரி தலையில் கட்டியவர். கலியாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையின் தாய்மாமன் நான்தான் என்று சீர் வாங்கிக்கொண்டு வந்தவர். நிஜத் தாய்மாமனே எழுந்து நின்று இடம் கொடுத்தானாம். ஒரு தண்டனை முடிவதற்குள் அடுத்த ஜில்லாவிலிருந்து அடுத்த வழக்கு வந்து வாசலில் நிற்க, இப்படியே கிழவரானவர். பத்திரிகையில் வந்த அவர் படத்தைத் தளவாய் பார்த்திருக்கிறான்: மீசையும் முறைப்பும். இரண்டாம் பிளாக்கில் அவனுக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவரோ, மீசை பஞ்சாகி, காது மட்டும் வளர்ந்துகொண்டே போன, ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு மனிதர்.

“நீரு என்னவே பண்ணிட்டு வந்தேரு?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

தளவாய் சொன்னான். சாவி வரைக்கும் சொன்னான். கிழவர் வாயைத் திறந்தபடியே கேட்டார். அவர் வாழ்நாளில் அப்படியொரு குற்றத்தைக் கேள்விப்பட்டதில்லை. அங்கே இங்கே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லும் என்றார். அன்று முதல் தளவாய்க்குச் சிறையில் சாவி என்றே பேர்.

மழையை அந்தச் சிறை எப்படிப் பழக்கிக்கொண்டது என்பதைத் தளவாய் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டான். கைதிகளில் பாதிப் பேர் குளத்துப் பாசனக்காரர்கள். தண்ணீரைக் கண்டால் முதலில் முறை வைக்கத் தோன்றுகிற ஜனங்கள். மழை தொடங்கின புதிதிலேயே மரத்தடியில் கூடி, ஊரில் மடை திறக்கிறவனை நியமிப்பது போல ஒரு நீர்க்கட்டியை நியமித்துவிட்டார்கள். கொலை வழக்கில் ஆயுள் தண்டனைக்காரரான சுடலைமுத்து அந்த நீர்க்கட்டி. எந்தப் பிளாக்கின் பாத்திக்கு இன்றைக்கு முறை, எவ்வளவு மழை வேண்டும் என்பதெல்லாம் அவர் வாக்கு. காலைக் கஞ்சி முடிந்ததும் பாட்டையா முன்னால் வந்து நின்று, இன்றைக்குக் கீரை விதைத்திருக்கிறோம், பன்னீர் தெளித்தாற்போல் போதும் என்பார், பாட்டையா, நேற்று ராத்திரி கொசுவே கடிக்கவில்லை என்பார், பூந்தூறல் விழும். இன்றைக்கு வாழைக்கு வேணும், ஓர் உழவு மழை என்பார். பாட்டையா கண்ணை மூடி, காலை நீட்டி, சின்னப் பிள்ளையில் தான் தோணியில் போனபோது ஒரு திமிங்கலம் பல்வலி என்று வந்ததையும், தான் ஆலங்குச்சியால் அதற்குப் பல் விளக்கிவிட்டதையும், அது நன்றிக்கடனாகத் தன் தங்கச்சியைக் கட்டிக்கொள்ளச் சொன்னதையும், ஜாதகம் பொருந்தவில்லை என்று தான் மறுத்ததையும் சொல்லச் சொல்ல, ஜாதகம் பார்த்த இடத்தில் இடி இடித்து, மறுத்த இடத்தில் ஓடு பெயர்கிறாற்போல் கொட்டும். ஒரு தடவை சொன்ன பொய்க்கு மறு தடவை மழை பாதிதான், மூன்றாம் தடவை வெறும் காற்றுதான். ஆகையால் அவர் புதிது புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது, சிறை முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நனைந்துகொண்டே கேட்க வேண்டியிருந்தது.

மேலிடத்துக்கும் தெரியும். மழை அளக்கிற இலாகாவிலிருந்து ஒருவர் குடுவையோடு வந்து, அளந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, சிறைக்குள் பெய்கிற மழை சிறைத்துறையைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். சூப்பரண்டு பரமகுரு முதலில் கோபப்பட்டார், பிறகு தக்காளி போட்டார். சிறைச் சாக்கடை வழியாக வெளியே ஓடுகிற மழைத் தண்ணீரில் பக்கத்துக் கிராமம் நெல் நட்டது. கோயில் கொடை நடக்கும்போது சிறை மதிலுக்கும் ஒரு தேங்காய் உடைத்தார்கள். நல்லவர்களுக்காகப் பெய்ய வேண்டிய மழை இப்படிக் கள்ளனுக்குப் பெய்யலாமா என்று கோயில் பூசாரி கேட்டாராம். எந்த வாய்க்குப் பெய்தால் என்ன, நெல்லு நெல்லுதானே என்று ஊர் சொல்லிவிட்டதாம். பூசாரியும் அரை மரக்கால் வாங்கிக்கொண்டாராம்.

சட்டம் என்று சிறையில் எழுதாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மிளகாய் காயப்போட்டிருக்கும்போது பாட்டையாவிடம் நலம் விசாரிக்கக் கூடாது.

இதைத் தளவாயிடம் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். வைகாசி வெயிலில் முற்றம் பூராவும் செக்கச்செவேலென்று வத்தல் காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், முகம் கழுவி வந்த தளவாய், “பாட்டையா, நல்லா இருக்கியளா?” என்றான். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கையை ஆட்டினார்கள்.

“எனக்கென்னவே, ராசா மாதிரி இருக்கேன்,” என்றார் ஆபத்துக்காத்தான்.

மழை அப்படிப் பெய்து தளவாய் பார்த்ததில்லை. திமிங்கலத்துக்கும் அப்படிப் பெய்யவில்லை. சாக்கை இழுப்பதற்குள் வத்தல் மிதந்தது, மிதந்தது சாக்கடையில் போனது, கிராமத்து வயலில் ஒரு வாரம் தவளை தும்மியது. மூன்று பிளாக்கும் தளவாயோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. புளிக்குழம்பு வெள்ளையாக வந்தபோதெல்லாம் யாராவது ஒருவன், சாவியிடம் நலம் விசாரித்தாயா என்று அவன் காதில் விழும்படி இன்னொருவனைக் கேட்பான்.

வெள்ளைக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் தளவாய்க்கு அந்தச் சந்தேகம் வந்தது. நலம் விசாரிக்கக் கூடாது என்று ஏன் சட்டம் வந்தது என்று சுடலைமுத்துவிடம் கேட்டான். போன வருஷமும் இப்படித்தான் வத்தல் போச்சு, அதற்கு முந்தின வருஷமும் போச்சு, எவனாவது ஒருத்தன் கேட்டுத் தொலைக்கிறான், அவரும் அதே பதிலைச் சொல்லுகிறார் என்றார் சுடலைமுத்து. அதே பதிலா என்றான் தளவாய். அதே பதில்தான், ராசா மாதிரி இருக்கேன் என்பார். சொன்ன பொய்க்கு மறுபடி மழை வராதே என்றான் தளவாய். சுடலைமுத்து மடை திறக்கிற கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். இது மட்டும் வருது என்றார். மிளகாயைப் பற்றி இத்தனை வருஷம் கவலைப்பட்ட சிறையில், அந்த வாக்கியத்தைப் பற்றி யோசித்தவர் யாருமில்லை.

அதன்பிறகு தளவாய் கிழவரோடு உட்காருகிற நேரம் கூடியது. பேச்சை அவன் மற்றவர்களைப் போலத் திமிங்கலத்துப் பக்கம் ஓட்டவில்லை; சின்னச் சின்னதாகக் கேட்டான், வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கடலை விற்றது நிஜமா என்றால் ஆமாம் என்பார், மேகம் அசையாது. கல்யாணம் ஆகவில்லை என்பார், தூறும். அப்படியானால் ஆகியிருக்கிறது. பெண்ஜாதி செத்துப்போனாள் என்பார், சடசடவென்று விழும். அப்படியானால் இருக்கிறாள். பேர்கூட மறந்துபோச்சு என்பார், ரெண்டு பேரும் எழுந்து தாழ்வாரத்துக்கு ஓட வேண்டியிருக்கும். கிழவருக்கும் இவன் பண்ணுகிற வேலை புரியாமல் இல்லை. ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே, “வக்கீலு, போலீசு, சிஐடி எல்லாம் பாத்திருக்கேன். மேகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டவன் நீரு ஒருத்தர்தான்வே,” என்றார். கோபமில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தாற்போல் பட்டது.

மீதியைச் சொன்னவர் தலைமை வார்டர் சொர்ணபாண்டி. உப்போடையில் பெருமழை என்று ஒன்று உண்டு. பெருமழைக்கு முந்தி, பெருமழைக்குப் பிந்தி என்றுதான் அங்கே காலத்தைச் சொல்லுவார்கள். கிணறு வழிந்து, மேற்கு மதில் சரிந்து, மதில் சரிந்தும் ஒரு கைதிகூட ஓடாமல் அத்தனை பேரும் மீன் பிடித்துக்கொண்டிருந்த மழை. அன்றைக்குத்தான் முதல் மேகமே வந்தது. மனுப் போட்டு வருகிற சொந்தக்காரர்கள் கைதியைப் பார்க்கிற கம்பிவலைக்குப் பக்கத்தில் அன்றைக்கு நின்றவர் சொர்ணபாண்டி. பாட்டையாவைப் பார்க்க, மணல்துறையில் இடியாப்பக் கடை வைத்திருக்கிற அவருடைய பெண்ஜாதி பிச்சம்மாள் வந்திருந்தாள், மூன்று பஸ் மாறி, ஓலைக்கொட்டானில் இடியாப்பத்தோடு. முழங்கால் வீங்கி, வலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பாட்டையா அந்த முழங்காலைப் பார்த்தார். பிறகு, இனிமேல் நீ வராதே, உன்னைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்றார். அவள் சரி என்று சொல்லிக் கொட்டானை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், வெளியே வெயில், அவள் மேலே ஒரு சொட்டு விழவில்லை என்றார் சொர்ணபாண்டி. இடியாப்பத்தை என்ன செய்தீர்கள் என்று தளவாய் கேட்டான். நனைந்துபோச்சு என்று சொல்லிவிட்டு, சொர்ணபாண்டி வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்த மனுவுக்கு வந்த செண்பகவல்லியிடம் தளவாய் ஒரு வேலை சொன்னான். மணல்துறை பஸ் நிலையத்தை ஒட்டி ஓர் இடியாப்பக் கடை இருக்கும், பிச்சம்மாள் என்று கேட்டால் சொல்லுவார்கள். செண்பகவல்லி, ஊரில் எல்லாப் புருஷனும் ஜெயிலிலிருந்து ஜாமீனுக்கு ஆள் பார்க்கச் சொல்லுவான், எனக்கு வாய்த்தவன் அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்க்கச் சொல்லுகிறான் என்று முனகிக்கொண்டே போனாள். போனவள் அடுத்த மனுவுக்கு வந்தபோது முகம் பூராச் சிரிப்பாக இருந்தது. அந்த அம்மாள் அவளை உட்காரவைத்து, தேங்காய்ப்பாலும் ஊற்றி, கிழவர் பேரைச் சொன்னதும் உரலைத் துடைத்துக்கொண்டே பேசினாளாம். செண்பகவல்லி அதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

“எனக்குப் பிடிக்கலேன்னு அந்த ஆளு சொன்னதை நான் நம்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரா? பொண்ணு பாக்க வரும்போது ஏழு கப்பல் இருக்குன்னு சொன்ன மனுசன். அந்தப் பொய்யக் கேட்டுத்தான் நான் கழுத்த நீட்டுனேன். மெய் பேசுற ஆம்பிளைகளக் கட்டிட்டு எங்க அக்காமாரு பட்ட பாடு எனக்குத் தெரியும். வரச் சொல்லுங்க. மாவு இடிக்க ஆள் இல்ல.”

மெய் பேசுகிற ஆம்பிளை என்கிற இடத்தில் செண்பகவல்லி தளவாயை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் பிச்சம்மாளிடமிருந்து எடுத்துக்கொண்டு வரவில்லை, அவளே போட்டது.

தளவாய் இதை அப்படியே கிழவரிடம் சொன்னான். அவர் காதைத் தடவிக்கொண்டார். பிறகு, மாவு இடிக்கிற வயசா எனக்கு, அவளும் வேண்டாம் அவள் இடியாப்பமும் வேண்டாம் என்றார். அன்றைக்கு முறை மூன்றாம் பிளாக்குக்கு; ஆனால் மழை மூன்று பிளாக்குக்கும் சேர்த்து, கேட்காமலே, சாயங்காலம் வரைக்கும் பெய்தது. சுடலைமுத்து வந்து, முறை தவறிப் பெய்யவைத்த தளவாயைக் கண்டித்துவிட்டுப் போனார்.

ஆடி பிறந்ததும் செய்தி வந்தது. வயசான கைதிகளை முன்கூட்டி விடுதலை செய்வதற்கு ஒரு குழு வருகிறது. ஆவணியில் வரும், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்கும்: வெளியே போக விருப்பமா, ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் வீட்டுக்குப் போகலாம். அடுத்த குழு எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது; பாட்டையாவின் வயசுக்கு அடுத்தது என்று ஒன்று கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். பாட்டையா போனால் மழை போகும் என்றான் ஒருவன். மழை போனால் குழாய் இருக்கிறதே என்றான் இன்னொருவன். குழாயில் வருவது காற்று, அதைப் பாய்ச்சினால் கத்தரி காய்க்குமா, பலூன்தான் காய்க்கும் என்றான் மூன்றாமவன். மனுசனை விடலாமே, பாவம், எத்தனை வருஷம் என்று யாரோ சொன்னதற்கு, நாம் யார் விட, நாமே உள்ளேதானே இருக்கிறோம் என்று பதில் வந்தது. கடைசியில் சுடலைமுத்து எழுந்து, நீர்க்கட்டியாகத் தன் வாக்கைச் சொன்னார். பாட்டையா எப்படியும் மெய் சொல்லப் போவதில்லை. போக விருப்பமா என்று கேட்டால் இல்லை என்பார், ஆள் இருக்கிறதா என்றால் இல்லை என்பார், பெருமழைக்கு அடுத்த பெரிய மழை அன்றைக்குத்தான். ஆகவே ஆடிப் பட்டத்தில் நாற்றுப் பாவி, குழு வருகிற நாளில் பிடுங்கி நடலாம். யாருக்கும் இதில் சந்தோஷமில்லை. ஆனால் தண்ணீர் வருகிறது என்று தெரிந்து நாற்றுப் பாவாமல் இருக்க அந்த ஜனங்களுக்கு வராது. பாவினார்கள்.

தளவாய் கிழவரிடம், ஒரே ஒரு தடவை, ஆமாம் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்று மன்றாடினான்.

“நீரு ஒரு பொய் சொல்ல மாட்டாம உள்ள வந்தேரு,” என்றார். “நான் ஒரு மெய்யச் சொல்லி வெளிய போணுமாக்கும். உமக்கு வராதது உமக்கு. எனக்கு வராதது எனக்கு.”

மேகம் அசையாமல் நின்றது.

குழுத் தலைவியாக வந்தவர் வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. தமிழில் வணக்கமும் போதும் என்பதும் தெரிந்த, எலுமிச்சைச் சாதத்தை ரொம்பவும் ரசித்துச் சாப்பிட்ட அம்மாள். பேச்சை இங்கிலீஷில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். சூப்பரண்டு பரமகுருவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவன், அதைவிட, ஒரு சொல்லை மாற்றத் தெரியாதவன். மாற்றத் தெரியாமல்தானே உள்ளேயே வந்திருக்கிறான். தளவாயை வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். வரும் வழியில் தோளில் கை போட்டு, என் தக்காளி இப்போதுதான் பூ எடுக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு சிரித்தபடியே, குழு முன்னால் மாற்றிச் சொன்னால் உமக்கும் புதிதாக ஒரு வழக்கு உண்டு என்றார்.

அலுவலக ஜன்னலுக்கு வெளியே மூன்று பிளாக்கும் குந்தியிருந்தது. நட்டு முடித்த கத்தரி நாற்று வெயிலில் தலையைத் தொங்கப்போட்டிருக்க, அதன் சொந்தக்காரர்கள் வரப்பு வரப்பாக உட்கார்ந்து, வானத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். மழைக்குக் காத்திருக்கிறார்கள் என்று தளவாய் மாற்றாமல் சொன்னான். அம்மாள் வெளுத்த வானத்தைப் பார்த்துவிட்டு, நம்பிக்கை நல்லதுதான் என்றார்.

ஆபத்துக்காத்தான் வந்தார். தலையை எண்ணெய் தடவி வாரியிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதும், இந்த நாற்காலியைக்கூட ஒரு காலத்தில் நான் விற்றிருக்கிறேன் என்பது போல அதைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே போக உங்களுக்கு விருப்பமா என்று அம்மாள் கேட்டதைத் தளவாய் தமிழில் கேட்டான்.

கிழவர் ஜன்னல் வழியாக நாற்றுகளைப் பார்த்தார். பிறகு தளவாயைப் பார்த்தார்.

“எனக்கு என்னத்துக்கும்மா வெளிய?” என்றார். “இங்க ஒரு குறையுமில்ல. ராசா மாதிரி இருக்கேன். போகவே எனக்கு இஷ்டமில்ல.”

கடைசிச் சொல் முடிவதற்குள் வெளிச்சம் போயிற்று. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேகம் மதிலுக்குள் வந்து இறங்கியது.

ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று தளவாய் கேட்டான்.

“ஒருத்தருமில்ல,” என்றார் ஆபத்துக்காத்தான். “எனக்குன்னு யாரும் இருந்ததே இல்ல.”

அப்போது வந்தது மழை. ஜன்னல் கம்பியைப் பிடுங்குகிற மாதிரி வந்தது. மேசைக் காகிதங்கள் பறந்தன, டீத் தட்டு உருண்டது, ஓட்டிலிருந்து அருவி இறங்கியது. அந்த அம்மாள் வியந்துபோய் எழுந்து நின்று, நம்பிக்கைக்காரர்கள் ஜெயித்துவிட்டார்களே என்று கை தட்டினார். ஆனால் வெளியே ஒருவனும் ஆடவில்லை, பாடவில்லை. நனைந்த மனுசர்கள் வரப்பில் அப்படியே எழுந்து நின்று, வானத்தை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். சுடலைமுத்து தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கதவருகே நின்ற சொர்ணபாண்டி தொப்பியைக் கழற்றினார். அறையில் தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் கிழவர் சொன்னது கேட்டிருந்தது, மழை சொன்னதும் கேட்டிருந்தது. கிழவர் மட்டும் யாரையும் பார்க்காமல், காதைத் தடவிக்கொண்டு, தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அம்மாள் கேட்டார்.

“வார்த்தை மாறாமச் சொல்லுங்க, தளவாய்,” என்றார் சூப்பரண்டு.

தளவாய் அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, பெரியவர் வெளியே போக மிகவும் விரும்புகிறார், மணல்துறையில் இடியாப்பக் கடை வைத்திருக்கும் அவருடைய மனைவி பிச்சம்மாள் அவருக்காகக் காத்திருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னான்.